பக்கத்துச் சிப்பாய்தான் முதல் மருத்துவர்

ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்கள் விடிகாலையில் ஓடுகிறார்கள், புல்-அப்ஸ் எடுக்கிறார்கள். முதலுதவியை மட்டும், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். களத்தில் அடிபட்டவனை முதலில் தொடுவது டாக்டர் அல்ல, பக்கத்தில் நிற்கும் சிப்பாய்.

2001 முதல் 2011 வரை களத்தில் இறந்த அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வொன்று உண்டு. மருத்துவமனை சேருமுன் இறந்து, ஆனால் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உயிரைக் குடித்தது ரத்தப்போக்கு. அதே காலத்துப் போர்களில் அமெரிக்கத் தரைப்படையின் 75ஆவது ரேஞ்சர் படைப்பிரிவு தன் வீரர் ஒவ்வொருவருக்கும் முதலுதவி கற்றுக்கொடுத்தது. களத்திலேயே தடுத்திருக்கக்கூடிய மரணம் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒன்றுகூட இல்லை.

குண்டு பாயும் நேரத்தில் திருப்பிச் சுடுவதும் மறைவிடம் தேடுவதும்தான் முதல் வேலை. அந்த நேரத்துக்கான சிகிச்சை ஒன்றே ஒன்று: கை காலில் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கே என்னும் இறுக்குப் பட்டை. சட்டைக்கு மேலேயே, கையின் அல்லது காலின் உச்சியில் இறுக்குங்கள். மறைவுக்கு வந்தபின் காயத்தைத் திறந்து பார்த்து, அதற்கு 2–3 அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல் பட்டை போடலாம். ரத்தம் நிற்கும்வரை பட்டையிலுள்ள கோலைத் திருகவேண்டும். அடிபட்டவன் வலியில் அலறுவான், இரக்கப்பட்டுத் தளர்த்தாதீர்கள். அரைகுறை இறுக்கம் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் பட்டை உதவாது; அங்கே துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்தவேண்டும்.

அடுத்து மூச்சுப்பாதை, நெஞ்சுக் காயம். பிறகு பலரும் மறப்பது, குளிர். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது; வெயில் நாளிலும் போர்த்திவிடுங்கள்.

இதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புபவர்களுக்கு இந்தியத் தரைப்படையில் நர்சிங் அசிஸ்டென்ட் பணி இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்கவேண்டும். மொத்தத்தில் 50, ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் தேவை. ராணுவ மருத்துவப் படையின் பயிற்சி மையம் லக்னோவில் உள்ளது. வயது வரம்பை அவ்வப்போது வரும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்கவேண்டாம். செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பில் சேருங்கள். பட்டை கிடைத்தால் இருட்டில், ஒற்றைக் கையால், உங்கள் காலிலேயே கட்டிப் பழகுங்கள்.