தனிவழிப் பயணியின் முதல் வாரம்

கீழக்கரையைச் சேர்ந்த ஒரு சகோதரி நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் மேற்படிப்புக்காக நியூயார்க் சென்று சில மாதங்களே ஆகின்றன. விடுமுறை கிடைத்ததும் ஒரு காரை எடுத்துக்கொண்டு, துணைக்கு எவருமின்றி, அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்து மேலைக் கரைக்குப் புறப்பட்டுவிட்டாராம். வியாழக்கிழமை காலை ஸுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டவர், அடுத்த புதன்கிழமை ஸான் பிரான்ஸிஸ்கோ போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வாரத்தில் நடந்தவற்றைச் சொல்லி, அந்தத் தாய் மூன்று கேள்விகள் கேட்கிறார். அவற்றுள் ஒன்று அவர் மனத்தை இன்றளவும் உறுத்திக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைத் தூரதேசம் அனுப்பியிருக்கும் இல்லங்கள் இன்று நம்மிடையே நிறைய. ஆகவே பதிலைத் தபாலில் அனுப்பிவிடாமல் இங்கேயே எழுதுகிறோம்.

முதல் கேள்வி: தனியாகப் போகலாமா? தனிமையில் உள்ளதை நான் அறிவதுபோல் மக்கள் அறிவார்களானால், எந்தப் பயணியும் இரவில் தனியே செல்லமாட்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் வருகிறது. அதே பாடத்தில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் மற்றொரு ஹதீதையும் சேர்த்திருக்கிறார்கள். அகழ்ப்போரின்போது எதிரிகளின் செய்தியை அறிந்துவர நபியவர்கள் ஆள் கேட்க, மூன்று முறையும் ஸுபைர் (ரலி) அவர்களே முன்வந்து, தனியே சென்றுவந்தார்கள். இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த இமாம்கள், தேவையின்றித் தனியே பயணம் செய்வது வெறுக்கத்தக்கது (மக்ரூஹ்), தேவையும் பாதுகாப்பும் இருந்தால் கூடும் என்று விளக்கினார்கள். மகன் ஹராமான காரியம் எதுவும் செய்துவிடவில்லை. ஆனாலும் ஒரு தோழரைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தால் அந்தத் தாயும் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பின்னால் சொல்லப்போகும் தவறும் நேர்ந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

வியாழனன்று புறப்பட்டது நல்லது. நபியவர்கள் வியாழக்கிழமை பயணம் புறப்படுவதை விரும்பினார்கள். வெள்ளிக்கிழமை புறப்பட்டிருந்தால் சிக்கல் வந்திருக்கும். ஜும்ஆ கடமையான ஒருவர் வெள்ளி ஃபஜ்ர் உதயமான பின் புறப்பட்டு, வழியிலும் ஜும்ஆ கிடைக்காது என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் அந்தப் புறப்பாடு கூடாது. வியாழனே ஊர் எல்லையைத் தாண்டிவிட்டவருக்கு மறுநாள் ஜும்ஆ கடமையில்லை, தொழுதால் நிறைவேறிவிடும்.

அவர் சென்ற பாதை 80-ஆம் எண் நெடுஞ்சாலை. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் நியூஜெர்ஸியின் டீனெக்கில் தொடங்கி, பென்ஸில்வேனியா, ஓஹையோ, இந்தியானா, இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா, வயோமிங், யூட்டா, நெவாடா எனப் பதினொரு மாநிலங்களைக் கடந்து கலிஃபோர்னியாவில் முடிகிறது. தூரம் சுமார் 2,900 மைல். கஸ்ருக்குரிய தூரத்தை எந்த மத்ஹபின்படி கணக்கிட்டாலும் இது பன்மடங்கு அதிகம். மேலும், கஸ்ருக்குப் போய்ச்சேரும் இடம் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்ற தீர்மானமின்றி மனம்போன போக்கில் அலைபவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ர் இல்லை. இவருக்கோ சேரும் ஊர் தெரியும். எனவே நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம்; லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். மஃரிபும் ஸுப்ஹும் சுருங்கா. ஹனஃபிகளுக்குச் சுருக்குவது வாஜிப். ஆனால் சேர்த்துத் தொழ அனுமதியில்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலும் தொழுதுகொண்டால் இருமுறை இறங்கும் சிரமம் குறையும்.

இனி உறுத்தலுக்குரிய விஷயம். முதல் நாள் லுஹரையும் அஸரையும் அவர் சாலையோர ஓய்விடத்தில் புல்தரையில் தொழுதார். மஃரிபும் இஷாவும் தங்கும் விடுதியில். வெள்ளி ஸுப்ஹும் அங்கேதான். இந்த ஐந்து வக்தும் எந்தத் திசையை நோக்கித் தொழுதார் தெரியுமா? மேற்கு! ஊரில் பிறந்தது முதல் சூரியன் சாயும் பக்கமே கிப்லா என்று பழகிய கால்கள். நியூயார்க்கில் பள்ளிவாசலிலும் மாணவர் அறையிலும் மற்றவர்களுடைய ஸஃப்பில் நின்றதால் திசையைப் பற்றி யோசிக்கும் அவசியமே வரவில்லை. வெள்ளி மதியம் ஓஹையோவின் பெரிஸ்பர்க்கில், 1983-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு நின்றபோதுதான் எல்லோரும் வேறு பக்கம் நிற்பது கண்ணில் பட்டது. நெஞ்சு பதறி அன்றிரவு உம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். உம்மா, "பயணிக்கு அல்லாஹ் லேசாக்கி வைத்திருக்கிறான், வாப்பா. தெரியாமல் செய்ததுதானே, கவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லிவிட்டார். நான் சொன்னது சரியா என்பதே அவருடைய இரண்டாவது கேள்வி.

சரியல்ல, சகோதரியே. பெற்ற மனம் அப்படித்தான் சொல்லும். அதைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் அந்த ஐந்து தொழுகைகளும் அவர்மீது நிலுவையில் நிற்கின்றன. பயணம் ரக்அத்துகளைக் குறைக்கிறதே தவிர, ஃபர்ளில் கிப்லாவைத் தள்ளுபடி செய்வதில்லை. முயன்று தேடி, அடையாளங்களைப் பார்த்து, ஒரு திசையைத் தீர்மானித்துத் தொழுதபின் தவறென்று தெரிந்தால், ஹனஃபிகளிடம் மீண்டும் தொழவேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் தவறு உறுதியாகிவிட்டால் மீண்டும் தொழவேண்டும் என்பதே வலுவான சொல். உங்கள் மகனோ தேடவே இல்லை. எனவே இரு மத்ஹபிலும் களா உண்டு.

எத்தனை ரக்அத்? பயணத்தில் இருக்கும்போதே அவர் களாச் செய்திருந்தால் லுஹர் 2, அஸர் 2, மஃரிப் 3, இஷா 2, ஸுப்ஹு 2 ஆகப் பதினொன்று. இப்போது நியூயார்க் திரும்பிவிட்டார் என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாகப் பதினேழு ரக்அத்துகள் தொழவேண்டும். ஹனஃபியாக இருந்தால் பயணத்தில் தவறியது ஊரிலும் பதினொன்றே. கால் மணி, அரை மணி நேர வேலை. இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் கிப்லா எது என்பதைப் பலரும் தவறாகவே விளங்கியிருக்கிறார்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் மக்கா தென்கிழக்கே இருப்பதுபோல் தோன்றும். பூமி உருண்டை. ஒரு பந்தின்மீது நியூயார்க்கையும் மக்காவையும் குறித்து நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடகிழக்கே ஏறிப் பின்னர் இறங்கும். நியூயார்க்கில் கிப்லா வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 58 பாகை. மேற்கே போகப் போக அது வடக்கை நெருங்கி, ஸான் பிரான்ஸிஸ்கோவில் சுமார் 19 பாகையாகிவிடுகிறது. மேற்கு நோக்கி ஓடும் காரில் அமர்ந்திருப்பவருக்குத் தொடக்கத்தில் வலத்தோளின் பின்புறத்திலும், முடிவில் ஏறக்குறைய வலத்தோளுக்கு நேரேயும் கிப்லா இருக்கும். கைத்தொலைபேசியில் திசைகாட்டி உண்டு. காரை விட்டுச் சற்று விலகி நின்று பார்க்கவேண்டும், இரும்பருகே அது பிசகும்.

நேரமும் அப்படியே. அந்தப் பாதை நான்கு கடிகார மண்டலங்களைக் கடக்கிறது. ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போதெல்லாம் ஒரு மணி நேரம் பின்னே வைக்கவேண்டும். வக்தைத் தீர்மானிப்பது நின்ற இடத்துச் சூரியன். புறப்பட்ட ஊர்க் கடிகாரம் அன்று.

சனிக்கிழமை அவர் நெடுஞ்சாலையைவிட்டு வடக்கே சற்று விலகி, அயோவாவின் ஸீடர் ராபிட்ஸ் நகரிலுள்ள சின்னஞ்சிறு பள்ளிவாசலைப் பார்த்திருக்கிறார். சிரியா, லெபனான் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் 1934-இல் கட்டியது. பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றும் நிற்பவற்றில் அமெரிக்காவிலேயே பழமையானது அதுதான். இடையில் கைமாறி வேறு காரியங்களுக்குப் பயன்பட்டு, பின்னர் முஸ்லிம்களால் மீட்கப்பட்டது. அங்கே உள்ளூர் இமாமின் பின்னே நின்றால் பயணியும் நான்கு ரக்அத் முழுமையாகத் தொழவேண்டும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அதன்பின் வந்த நாட்கள் வெட்டவெளி. வயோமிங்கில் ஷையனுக்கும் லாரமிக்கும் இடையே சாலை 8,640 அடி உயரத்திற்கு ஏறுகிறது. அக்டோபர்க் குளிரில் தோலாலான காலுறைமீது மஸ்ஹு செய்யும் சலுகை இங்கேதான் அருமை தெரியும். முழு ஒளுவுடன் அணிந்து, பின் ஒளு முறிந்த நேரத்திலிருந்து பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு. அதன்பின் கழற்றிக் கால்களைக் கழுவவேண்டும். சாதாரண நூல் காலுறை இதற்கு ஆகாது. உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: மீன், முட்டை, பழம், ரொட்டி எங்கும் கிடைக்கும், பன்றிக்கொழுப்பு சேர்ந்ததா என்று கேட்க வெட்கப்படக் கூடாது.

திங்கட்கிழமை ஸுப்ஹு தூக்கத்தில் தவறிவிட்டதாம். கைபரிலிருந்து திரும்புகையில் நபியவர்களின் கூட்டமே, காவலுக்கு வைத்த பிலால் (ரலி) அவர்களும் அயர்ந்துவிட, சூரியன் சுட்டபின் விழித்தது. அவர்கள் அவ்விடத்தைவிட்டு நகர்ந்து, பாங்கு சொல்லித் தொழுதார்கள். தூங்கியதற்குக் குற்றமில்லை, விழித்ததும் தொழவேண்டும். ஆனால் நள்ளிரவு தாண்டியும் ஓட்டிவிட்டுப் படுத்தவர், எழுப்பப் பிலால் இல்லாதவர், முன்னிரவிலேயே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டாமா? அந்தச் சாலைகளில் இரவில் மான்கள் குறுக்கே பாயும். இரவில் தங்கும்போது பாதையைவிட்டு விலகித் தங்குங்கள், அது பிராணிகளின் வழி என்ற நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. தூக்கம் வந்தால் தொழுகையையே விட்டுவிட்டு உறங்கச் சொல்லியிருக்க, வண்டியை எப்படி ஓட்டுவது?

தனியே நிற்பவரும் பாங்கு சொல்லலாமா என்று மகன் கேட்டாராம். சொல்லவேண்டும்! ஆடு மேய்ப்பதையும் பாலைவெளியையும் விரும்பிய ஒருவரிடம், அங்கே பாங்கைக் குரலுயர்த்திச் சொல்லும்படி அபூஸயீத் (ரலி) அவர்கள் கூறினார்கள். கேட்கும் ஜின்னும் மனிதரும் மற்றவையும் மறுமையில் சாட்சி கூறும் என்று நபியவர்களிடம் செவியுற்றதாகவும் சொன்னார்கள். நெவாடாவின் வெட்டவெளியில் அவர் சொன்ன பாங்கைக் கேட்க மனிதர் எவரும் இல்லாதிருந்திருக்கலாம்.

கடைசிக் கேள்வி: ஸான் பிரான்ஸிஸ்கோவில் நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கினாரே, அங்கும் கஸ்ர் செய்தது கூடுமா? வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினாலே ஷாஃபிஈ மத்ஹபில் அவர் ஊர்வாசியாகிவிடுகிறார். சேர்ந்ததிலிருந்து முழுமையாகவே தொழுதிருக்க வேண்டும். பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்க எண்ணினால் ஹனஃபிகளுக்கு அங்கும் கஸ்ர்தான். உங்கள் மகன் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறார் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஷாஃபிஈ என்றால், அந்தப் பத்து நாட்களின் லுஹர், அஸர், இஷா ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.