கொலுப் படியருகே நசிகேதன்

நவராத்திரியின் நான்காம் நாள் மாலை. தில்லி கரோல் பாகில் ஓர் அன்பரின் இல்லம். இரண்டே அறைகள், அவற்றுள் ஒன்றின் பாதியை ஐந்து படிக் கொலு எடுத்துக்கொண்டிருந்தது. வந்திருந்த பெண்மணிகளுக்குத் தாம்பூலம் கொடுப்பதற்காக அவ்வீட்டு அம்மையார் அலமாரியைத் திறந்து, ஒரு பையிலிருந்து ரவிக்கைத் துணிகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நன்றாக இருந்த இரண்டைத் தனியே ஒதுக்கினார். சாயம் மங்கிய ஒன்றைத் தட்டில் வைத்தார். அருகில் நின்றிருந்த ஏழு வயது மகள் கேட்டாள்: "ஏம்மா, நமக்குப் பிடிக்காததைத்தான் மாமிக்குக் கொடுக்கணுமா?"

பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், தாயும் சிரித்தார். சுண்டல் வந்தது, பாட்டு நடந்தது. ஆனால் அந்தக் கேள்வி அங்கிருந்த அடியேனை விட்டு அகலவில்லை. நம் சாஸ்திரத்தில் இதே கேள்வியை முன்பே ஒரு குழந்தை கேட்டிருக்கிறதே என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது.

கடோபநிஷதம் தொடங்குவது ஒரு குடும்பச் சடங்கில்தான். வாஜசிரவஸர் விசுவஜித் என்னும் வேள்வியைச் செய்கிறார். தம்மிடமுள்ள அனைத்தையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவ்வேள்வியின் விதி. அவரும் பசுக்களைக் கொடுக்கிறார். எத்தகைய பசுக்கள்? இனித் தண்ணீர் குடிக்கவும் புல் மேயவும் வலுவற்றவை, பால் வற்றியவை, ஈனும் பருவத்தைக் கடந்தவை. கணக்குக்குத் தானம் நிறைவேறிவிட்டது. அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் மகன் நசிகேதன். உபநிஷதம் அவனைக் குமாரன் என்றே அழைக்கிறது. பசுக்கள் கொண்டு செல்லப்படும்போது அவனுள் சிரத்தை புகுந்தது என்று கூறுகிறது.

இவ்விடத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். சிரத்தை புகுந்தது சடங்கைச் செய்தவருக்குள் அன்று, பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்குள். சங்கரர் தமது பாஷ்யத்தில் அந்தச் சிரத்தைக்கு ஆஸ்திக்ய புத்தி என்று பொருள் கூறி, அது தந்தையின் நன்மையை விரும்பி எழுந்தது என்றும் சேர்க்கிறார். அதாவது, நசிகேதன் குற்றம் கண்டுபிடிக்க வந்தவன் அல்லன். வேள்வி உண்மையானது, அதன் சொல் உண்மையானது, தந்தை உண்மையானவர் என்று முழுமையாக நம்பியவன். அப்படி நம்பியதால்தான் அவனுக்கு அந்தப் பசுக்கள் உறுத்தின. 'என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று மூன்று முறை கேட்கிறான். தந்தை சினந்து, யமனுக்கு என்று கூறிவிடுகிறார். பின்னர் நடந்தது நாம் அறிந்ததே. சுவாமி விவேகானந்தர் தம் சீடரிடம், நசிகேதனுடைய சிரத்தையைக் கொண்ட இளைஞர் சிலர் கிடைத்தால் போதும் என்று ஏக்கத்துடன் பேசியதுண்டு. அத்தகைய இளைஞர்கள் வானத்திலிருந்து வரப்போவதில்லை. இப்போது நம் வீட்டுக் கொலுப் படியருகே நின்று, நாம் எதைத் தட்டில் வைக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தில்லிக்கு வந்த பொம்மைகள்

கொலு வைக்கும் வழக்கம் எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலும் இல்லை. சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் மட்டும் செய்யும் இல்லங்கள் பல. ஆயினும் ஊரை விட்டு வந்த தமிழருக்குக் கொலு தனியொரு பொருளைப் பெற்றுவிட்டது. கரோல் பாக்கே குடிபெயர்ந்தோரால் ஆன இடம். 1920களில் கனாட் பிளேஸ் எழுந்தபோது மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய சிற்றூர்களிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமை இழந்து வந்தவர்கள் இங்கே வாழ்வைப் புதிதாகத் தொடங்கினர். மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிய வந்த தமிழர்கள் அவர்கள் வீடுகளில் வாடகைக்குக் குடியேறினர். பலருக்குக் கிடைத்தது மொட்டைமாடியில் 'பர்சாத்தி' எனப்படும் ஒற்றை அறைதான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று பூசா சாலையில் இருப்பதால், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கும் வழி இருந்தது.

பொம்மைகள் ரயிலில் வந்தன. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில், பழைய வேட்டியில் சுற்றி, வைக்கோல் திணித்த டிரங்குப் பெட்டியில், மடியில் வைத்த குழந்தையைப் போலப் பாட்டிமார் கொண்டுவந்தவை. பண்ருட்டியில் செய்த செட்டியார் பொம்மையும், மதுரை விளாச்சேரி மண்ணில் பிறந்த தசாவதாரமும், செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இணையும் இப்படித்தான் யமுனைக் கரையை அடைந்தன. ஆகவே ஒரு பொம்மை உடைந்தால் இங்கே அது வெறும் மண் உடைவதாகத் தோன்றுவதில்லை; ஊரே ஒரு துண்டு உடைந்ததாகத் தோன்றுகிறது. 'தொடாதே!' என்ற சொல் தில்லிக் கொலுவில் அதிகமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. அந்தப் பாட்டியின் மனத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். ஒன்பது நாளும் 'தொடாதே' என்று கேட்ட குழந்தை, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தொடுவதில்லை. அப்போது பெட்டி பரண்மீதே இருந்துவிடுகிறது.

இங்கே சுவாமிஜியின் இளமைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுகூரத் தக்கது. அன்னை புவனேசுவரி தேவியின் வாயால் இராமாயணக் கதை கேட்டு வளர்ந்த சிறுவன் நரேந்திரன், சீதாராமர் மண் பொம்மை ஒன்றை வாங்கி வந்தான். தோழன் ஒருவனுடன் மாடி அறைக்குச் சென்று கதவைத் தாழிட்டு, அதன் முன் கண்மூடி அமர்ந்துவிட்டான். வீட்டார் எங்கெங்கோ தேடி, இறுதியில் கதவை உடைத்துத் திறந்தனர். பின்னொரு நாள் குதிரைக்காரன் இல்லற வாழ்வைப் பழித்துப் பேசியதைக் கேட்டுச் சிறுவனின் மனம் கலங்கியது. அந்தப் பொம்மையைத் தெருவில் எறிந்துவிட்டுச் சிவபெருமானின் உருவத்தை அவ்விடத்தில் வைத்தான். பொம்மை நொறுங்கிப் போயிற்று. தியானம் நொறுங்கவில்லை. அது அவனுடைய பொம்மை. அவன் கையால் வாங்கி, அவனே பூசித்து, அவனே மாற்றியது. காமார்புகூரில் சிறுவன் கதாதரனும் மண்ணைப் பிசைந்து தெய்வ உருவங்களைத் தானே செய்து விளையாடியவன்தான். பெரியவர்கள் அடுக்கிவைத்துக் காட்டிய கொலுவை எட்ட நின்று பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர் இவ்விருவரும்.

எனவே கீழ்ப் படியைக் குழந்தைக்கு விட்டுவிடலாம். தில்லியிலேயே உத்தம் நகர் குயவர் குடியிருப்பில் சுட்டமண் உருவங்கள் கிடைக்கின்றன. அவை உடைந்தால் யாருக்கும் கண்ணீர் வராது. மூன்று வயதுக் குழந்தை மரப்பாச்சிக்கு உடை உடுத்தட்டும். அது விழுந்தாலும் உடையாது; நம் முன்னோர் மரத்தைத் தேர்ந்தது காரணத்தோடுதான் போலும். ஐந்து வயதுக் குழந்தை அமாவாசைக்கு முன்னரே ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ விதைத்து, நாள்தோறும் நீர் தெளிக்கட்டும். கொலுப் பூங்காவின் புல்வெளி அதுவே. அண்டை வீட்டாரை அழைக்கும் குங்குமச் சிமிழை ஏழு வயதுக் குழந்தையிடம் கொடுத்தனுப்பலாம். பஞ்சாபி வீட்டு வாசலில் இந்தியில் அழைக்க நேரும்போது, கொலு என்றால் என்ன என்று அக்குழந்தையே விளக்கியாக வேண்டும். நாம் பத்து முறை சொல்லிக் கொடுப்பதைவிட அந்த ஒரு முறை அது சொல்வது மேலானது. ஆனால் கொடுக்கும் வேலை மெய்யான வேலையாக இருக்க வேண்டும். குழந்தை விதைத்த கடுகு முளைக்காவிட்டால் வெற்றுத் தட்டுத்தான் கொலுவில் இருக்க வேண்டும்; இரவோடிரவாக நாம் பிளாஸ்டிக் புல்லை வாங்கி வைத்துவிடலாகாது. இன்று கைப்பேசியில் படம் எடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்புவதற்காகவே கொலு அழகாக வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் புகுந்துவிட்டது. படத்துக்கு அழகான கொலுவில் குழந்தைக்கு இடம் இருப்பதில்லை.

பக்கத்து வீட்டு நவராத்திரி

கரோல் பாகில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு ஒரு பாக்கியம் உண்டு. மயிலாப்பூரில் அது கிடைக்காது. அஷ்டமியன்றோ நவமியன்றோ காலையில் பஞ்சாபி வீடுகளில் 'கஞ்சக்' நடக்கிறது. அக்கம்பக்கத்துச் சிறுமியரை அழைத்து, கால் கழுவி, திலகமிட்டு, கையில் சிவப்புக் கயிறு கட்டி, பூரியும் ஹல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் படைக்கிறார்கள். துப்பட்டாவோ வளையலோ காசோ கொடுத்துப் பெரியவர்கள் அவர்கள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். முதல் நாளே மண்ணில் பார்லி விதைத்து முளைவிடச் செய்யும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நம் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரியைக் கண்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. காலையில் அங்கே தேவியாக அமர்ந்து கொண்டைக்கடலை உண்ட சிறுமி, மாலையில் தன் வீட்டில் அதே கடலையைச் சுண்டலாகக் கிண்ணத்தில் ஏந்தி, காலையில் தன் காலைத் தொட்ட அம்மாளுக்குக் கொடுக்கிறாள்.

குழந்தையிடம் தேவியைக் காண்பது நம் மரபில் வெறும் உபசாரம் அன்று. சுவாமிஜி 1898-இல் காஷ்மீரத்தில் இருந்தபோது, முஸ்லிம் படகோட்டி ஒருவரின் நான்கு வயது மகளை உமையாகப் பாவித்து வழிபட்டார். 1901-இல் பேலூர் மடத்தில் முதல் துர்க்கா பூஜை நடந்தபோது அன்னை சாரதா தேவியின் பெயரால் சங்கல்பம் செய்யப்பட்டது. அங்கே குமாரி பூஜையும் நடைபெற்றது. இந்நிகழ்ச்சிகளை நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலைத் தொட்டுவிட்டு, மறுநாள் 'உனக்கு ஒன்றும் தெரியாது, போ' என்று விரட்டுவோமானால், அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அடுத்து வருவது கடினமான கேள்வி. வங்காளிகளின் பூஜைப் பந்தலில் துர்க்கை மகிஷனை வதைக்கிறாள். ராமலீலா மைதானத்தில் இராமன் இராவணனை வதைக்கிறான். வீட்டில் நாம் சரஸ்வதியின் முன் புத்தகத்தை அடுக்கிவைத்து, அன்று படிக்க வேண்டாம் என்று கூறுகிறோம். (அந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்க எந்தக் குழந்தையையும் வற்புறுத்த வேண்டியதில்லை.) இவற்றுள் எது உண்மையான நவராத்திரி என்று குழந்தை கேட்கும். 'அது அவர்கள் வழக்கம், இது நம் வழக்கம்' என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கும். வங்கக் கவிஞர் கிருத்திவாசரின் இராமாயணத்தில் விடை ஒன்று இருக்கிறது. இராவணனை வெல்ல இராமன் தேவியைப் பூசிக்கிறான். தேவிக்கு வழக்கமான காலம் வசந்தம். இதுவோ சரத் காலம். ஆகையால் அதனை அகால போதனம், அதாவது காலமல்லாத காலத்தில் துயிலெழுப்புதல் என்பார்கள். நூற்றெட்டு நீலத் தாமரைகள் வேண்டும். எண்ணும்போது ஒன்று குறைகிறது. தாமரைக்கண்ணன் என்று தன்னை உலகம் அழைப்பதை நினைத்து, இராமன் தன் கண்ணையே எடுத்து அர்ப்பணிக்க முனைகிறான். தேவி தோன்றித் தடுத்து அருள்கிறாள். தமிழ்ப் பாட்டிமார் இதைக் கேட்டவுடன் திருவீழிமிழலையை நினைப்பார்கள். அங்கே ஆயிரம் தாமரையால் சிவபெருமானை வழிபட்ட திருமால், ஒரு மலர் குறையவே தம் கண்ணைச் சாத்திச் சக்கரம் பெற்றார். இரு கதைகளையும் ஒரே மாலையில் கொலுவின் முன் சொல்லலாம். குறைந்த மலருக்கு ஈடாக வாடிய பூ ஒன்றை வைக்கவில்லை என்பதைக் குழந்தைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

மீண்டும் தட்டுக்கு வருவோம். ரவிக்கைத் துணி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு, அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கு என்று தைக்கப்படாமலே சுற்றி, சில வேளைகளில் கொடுத்தவரிடமே திரும்பி வந்துவிடுவது நாம் அனைவரும் அறிந்து சிரிக்கும் செய்தி. பிளாஸ்டிக் டப்பாக்களும் அப்படியே. வசதியற்றவர் எளிய பொருளைக் கொடுப்பதில் குறையில்லை. ஒரு மஞ்சள் கிழங்கும் இரண்டு வெற்றிலையும் போதும். நல்லதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதுதான் பால் வற்றிய பசு. துணி வேண்டாம், பழம் மட்டும் கொடுப்போம் என்று சில குடும்பங்கள் தீர்மானித்திருப்பதை அடியேன் வரவேற்கிறேன்.

குழந்தை கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதட்டலாகாது, வாஜசிரவஸர் செய்தது அதுதான். யமன் வீட்டில் மூன்று இரவுகள் உண்ணாதிருந்த நசிகேதன், வரம் கேட்கும் வேளை வந்தபோது முதலில் வேண்டியது ஆத்ம வித்தையை அன்று. தந்தையின் கோபம் தணிய வேண்டும், மன அமைதியோடு அவர் தன்னை அடையாளம் கண்டு ஏற்க வேண்டும் என்பதே முதல் வரம். அந்தக் கேள்வியைக் கேட்ட குழந்தை நம்மிடம் எதிர்பார்ப்பது வேறென்ன?

அந்தக் கரோல் பாக் இல்லத்துக்கு விஜயதசமியன்று மாலையில் மீண்டும் செல்ல நேர்ந்தது. தசரா மைதானத்திலிருந்து தந்தையின் தோளில் அமர்ந்து திரும்பிய மகளின் தலைமுடியில் பட்டாசுப் புகை மணத்தது. தட்டில் தாம்பூலம் தயாராக இருந்தது. ஒதுக்கி வைத்திருந்த நல்ல துணிகளில் ஒன்று அதில் இருந்தது. அம்மையார் அதைப் பற்றி எதுவும் கூறவில்லை; மகளும் கேட்கவில்லை. ஆரத்தி முடிந்தபின் வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். 'நீயே வை' என்றார் பாட்டி. அவள் மரப்பாச்சி இரண்டையும் எடுத்துக் கிடத்தி, தன் கைக்குட்டையால் போர்த்தி, விளக்கை யார் அணைப்பது என்று கேட்டாள்.