ஓடுகிற அமைப்பைக் கேட்டு வாங்கு

அன்புள்ள இளமதிக்கு,

பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராகச் சேரப்போகிறாய். எந்த டீமைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். புதிதாக ஒன்றை உருவாக்கும் டீமின் மீதே உன் மனம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த ஆசையை இரண்டு மூன்று ஆண்டு தள்ளிவை. பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும், ஏராளமானோர் நம்பியிருக்கும் ஒரு பழைய அமைப்பைப் பராமரிக்கும் டீமைக் கேள். இதுதான் என் யோசனை.

கல்லூரியில் நீ எழுதிய நிரல்கள் வெற்றுத் திரையில் தொடங்கியவை. பெரிய நிறுவனத்தில் அப்படி ஒரு தொடக்கம் அநேகமாகக் கிடைக்காது. கூகுளுக்குள் எல்லா டீம்களும் பகிர்ந்துகொள்ளும் நிரல் களஞ்சியத்தில் 2015-லேயே ஏறத்தாழ 200 கோடி வரிகள் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் எழுதுவதைவிட வாசிப்பதே பெரிய வேலை. எழுதியவர் எப்போதோ வேறு டீமுக்குப் போயிருப்பார். ஏன் இப்படி எழுதினார், இதை எடுத்தால் எங்கே உடையும் என்பதை நிரலிலிருந்தும் பழைய ரிவ்யூ குறிப்புகளிலிருந்தும் நீதான் தோண்டி எடுக்க வேண்டும். புதிய ப்ராடக்டில் இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. அங்கே நீ எடுக்கும் முடிவுகளின் விளைவு தெரியவே நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் நீயே வேறு டீமில் இருப்பாய்.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவைக்கு நடந்ததைப் பார். பில்லிங் பகுதி மெதுவாக ஓடுகிறதே என்று ஆராய்ந்த ஒரு பொறியாளர், சில சர்வர்களை மட்டும் நீக்குவதற்கான கட்டளையை இட்டார். உள்ளீட்டில் பிழை, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் போய்விட்டன. வடக்கு வர்ஜீனியாவிலிருந்து இயங்கிய எண்ணற்ற இணையதளங்கள் சுமார் நான்கு மணி நேரம் தடுமாறின. செய்திகள் தட்டச்சுப் பிழையையே பேசின. நான் முக்கியமாகக் கருதுவது நிறுவனமே பிறகு வெளியிட்ட விளக்கத்தில் இருக்கும் வேறொரு தகவலை: முடங்கிய உட்பகுதிகளை அமேசானின் பெரிய சர்வர் மண்டலங்களில் பல ஆண்டுகளாக முழுமையாக நிறுத்தித் தொடங்கியதே இல்லை. இடைப்பட்ட காலத்தில் சேவை பெருகிவிட்டதால், மீண்டும் தொடங்க எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் பிடித்தது. சேவையின் நிலையை வாடிக்கையாளருக்குக் காட்டும் பலகையும் அதே எஸ்-3-ஐ நம்பியிருந்ததால் அதையும் மாற்ற முடியவில்லை. எது எதை நம்பி நிற்கிறது என்ற இந்த அறிவு பாடப்புத்தகத்தில் கிடைக்காது. உடைந்ததைச் சரிசெய்பவருக்கே அது சேரும். அமேசான் அந்த மனிதரைப் பற்றிப் பேசாமல் கருவியைத் திருத்தியது: சர்வர்கள் இனி மெதுவாகவே நீங்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவும் முடியாது. நல்ல பராமரிப்பு டீமில் நீ பழகப்போவது இந்த மாதிரிச் சிந்தனையைத்தான்.

புதியதை வெளியிடுபவருக்குத்தானே பதவி உயர்வு என்று கேட்பாய். பல இடங்களில் அது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் வெளியீடு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூகுளின் இன்பாக்ஸ் என்ற மின்னஞ்சல் செயலி 2014-ல் வந்தது, 2019-ல் மூடப்பட்டது. 2019 நவம்பரில் வந்த அதன் ஸ்டேடியா விளையாட்டுச் சேவை 2023 ஜனவரியில் நின்றுபோனது. அதே ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. பராமரிப்பு டீமில் இருந்தால் வேலை தப்பும் என்று நான் சொல்லவில்லை. அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஆனால் வெளியே வரும் நாளில் நிறுவனத்தின் உள்கருவிகளும் பதவிப் பெயரும் கூட வராது. சிக்கலான அமைப்பு எப்படிப் பழுதாகும் என்ற புரிதல் வரும், அடுத்த இடத்திலும் உதவும்.

பழுது வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்க வேண்டிய ஆன்-கால் முறையில் தூக்கம் கெடுமே என்பது நியாயமான கவலை. அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2016-ல் வெளிவந்த கூகுளின் எஸ்.ஆர்.இ. (தள நம்பகத்தன்மைப் பொறியியல்) நூல், 12 மணி நேர முறை ஒன்றுக்கு இரண்டு சம்பவங்களுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இரவுதோறும் அலாரம் அடிக்கும் டீம் பராமரிப்பைக் கற்றுத்தராது, ஆளைத் தேய்த்துவிடும். அங்கே போகாதே.

நிரலை இனி இயந்திரமே எழுதுமே என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். எழுதட்டும், எழுதியது சரியா என்று பார்க்க ஆள் வேண்டாமா? 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற திறமூல நிரலில் யாரோ திட்டமிட்டு நுழைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். வேறெதையோ அளந்துகொண்டிருந்தவருக்கு, லாகின் அரை நொடி தாமதமாவது உறுத்தியது. அதை விடாமல் தொடர்ந்து போனார். வழக்கமாக எவ்வளவு நேரமாகும் என்று கைப்பழக்கத்தில் அறிந்தவருக்கே அந்த அரை நொடி உறுத்தும்.

டீமை முடிவு செய்யுமுன் மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேள்: போன மாதம் இரவில் எத்தனை முறை அலாரம் அடித்தது? கடைசியாக நடந்த பெரிய பழுதின் அறிக்கையை நான் வாசிக்கலாமா? இரண்டாவதற்குத் தயங்குகிற டீம் உனக்கு வேண்டாம். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா