பியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?



230 வோல்ட் என்றால் நம் எல்லோருக்கும் பயம் உண்டு. லேபில் மெயினை அணைத்துவிட்டுத்தான் கையை வைக்கிறோம். ஆனால் காரில் இருப்பது 12 வோல்ட். பேட்டரியின் இரண்டு முனையையும் கையால் தொட்டாலும் அடிக்காது. அதனாலேயே கார் ஒயரிங் என்றால் ஆளாளுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, டேப்பைச் சுற்றி, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள்.

ஷாக் அடிக்காது, சரி. தீ பிடிக்காதா? 100 வாட் பல்பு வீட்டில் எடுப்பது அரை ஆம்பியர் கூட இல்லை. அதே 100 வாட்டுக்குக் காரில் 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒயர் சூடாவது கரண்டைப் பொறுத்தது. அதுவும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. முதல் வருடமே படித்துவிட்ட பாடம்தான் இது.

என் மாமா ஓட்டும் டூரிஸ்ட் வேனில் சென்ற வருடம் புதிதாகப் பாட்டு செட் மாட்டினார்கள். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, சீட்டு இரும்பைத் தாண்டி செட்டுக்குப் போனது. செட்டுக்குப் பின்னால் 10 ஆம்பியர் பியூஸும் போட்டிருந்தார்கள். இரண்டே மாதத்தில் சீட்டு இரும்பு ஒயரை அறுத்துவிட்டது. ஓடும் வண்டியில் காலடியில் புகை! நல்லவேளை, மாமா வண்டியை ஓரங்கட்டி பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கரண்ட் படிக்கிறவன் நான் ஒருத்தன்தானே! மாமா அந்தச் சிவப்பு பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாப்ள, பியூஸ் முழுசா அப்படியே இருக்கு. அப்புறம் எப்படி எரிஞ்சுது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பியூஸ் என்றால் செட்டைக் காப்பாற்றுவது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். பியூஸின் முதல் வேலை ஒயரைக் காப்பாற்றுவது. பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்கு எந்தக் காவலும் கிடையாது. மாமாவின் வேனில் ஷார்ட் ஆனது அந்த நடுப்பகுதியில். பேட்டரியிலிருந்து வந்த கரண்ட் சீட்டு இரும்பு வழியாக பாடிக்கு இறங்கிவிட்டது, பியூஸ் பக்கமே போகவில்லை. பிறகு அது எப்படிப் போகும்?

எவ்வளவு கரண்ட் போயிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். 5 மீட்டருக்கு 0.085 ஓம். பேட்டரியின் உள் மின்தடையை இன்னொரு 0.01 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 12-ஐ 0.095-ஆல் வகுத்தால் 126 ஆம்பியர்! அந்த ஒயரில் மட்டும் 1300 வாட்டுக்கு மேல் சூடு. வீட்டில் வாளித் தண்ணீர் காயவைக்கும் ராடு இருக்கிறதே, அந்த அளவு. ராடாவது தண்ணீருக்குள் இருக்கிறது. இது தரைவிரிப்புக்கு அடியில், பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது.

ஆகவே பியூஸ் ஹோல்டர் பேட்டரி பாசிட்டிவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம் போதும். செட்டுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த பியூஸ் இருந்தால் அதுவும் இருக்கட்டும். அது செட்டுக்கு, இது ஒயருக்கு.

அடுத்து, எத்தனை ஆம்பியர்? பனி விளக்கையே எடுத்துக்கொள்வோம். 55 வாட் ஹாலஜன் இரண்டு, மொத்தம் 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் போடலாமே என்று தோன்றும். ஆனால் பியூஸை அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது. பானெட்டுக்குள் சூடு வேறு. அதனால் 15 ஆம்பியர், நீல நிறம். 15 போட்டுவிட்டால் ஒயரும் 15 ஆம்பியரைத் தாங்க வேண்டும். குறைந்தது 1.5 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள். தூரம் அதிகமானால் 2.5 போடலாம், வோல்டேஜ் இழப்பு குறையும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். 'விளக்கு மங்கலா இருக்கு, 100 வாட் பல்பு போடு' என்பவர்கள் முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும்.

இந்த 9 ஆம்பியரை டாஷ்போர்டில் உள்ள சின்ன ஸ்விட்ச் வழியாக விடாதீர்கள். அதற்குத்தான் ரிலே. பியூஸ் தாண்டி வரும் ஒயர் 30-ல், விளக்குக்குப் போவது 87-ல், ஸ்விட்சிலிருந்து வருவது 86-ல், எர்த் 85-ல். ரிலேவின் காயில் எடுப்பது 0.2 ஆம்பியர் கூட இருக்காது. ஸ்விட்சுக்கான சப்ளையை பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுத்தால் ஏற்கனவே அதற்கு ஒரு பியூஸ் இருக்கும்.

பியூஸ் போனதும் அதைவிடப் பெரியதாகப் போடுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது, செம்பு இழையை வைத்துக் கட்டுவது இவையெல்லாம் நம் ஊர் வைத்தியம். நிறத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இருந்த இடத்தில் பச்சை இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லூகாஸ் முறைக் கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அதைப் பார்த்துவிட்டு 35 ஆம்பியர் பிளேடு பியூஸைத் தேடிப் போகாதீர்கள்.

வேலையைத் தொடங்கும்போது நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே அதுவே ஷார்ட். தகட்டுத் துளை வழியாக ஒயர் போனால் ரப்பர் குரோமெட் கட்டாயம் வேண்டும். மாமாவின் வண்டியில் குரோமெட்டும் இல்லை, சீட்டுக்கு அடியில் ஸ்லீவும் இல்லை. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும், அதனால் இணைப்புகளை கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எர்த் போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு லக்கை முறுக்குங்கள். மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயர்கள் ஏர்பேக்குடையவை. அந்தப் பக்கமே வேண்டாம், டெஸ்ட் லேம்ப் கூட வைக்காதீர்கள்.

இப்போது எல்லோரும் டாஷ் கேமரா மாட்டுகிறார்கள். அது எடுப்பது கொஞ்சம் கரண்ட்தான். ஆனால் சாவியை எடுத்த பிறகும் 0.2 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-ஹவர். சின்னக் காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு வாரத்தில் காலி. செல்ப் அதற்கு முன்பே இழுக்காது. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் பியூஸ் எது என்று மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, அந்த இடத்தில் இரண்டு பியூஸ் பிடிக்கும் ஹோல்டரைச் செருகி, கேமராவுக்குத் தனியாக ஒரு சின்ன பியூஸ் போடுங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டு மீட்டரை நெகடிவ் லைனில் சீரிஸாக வைத்துப் பாருங்கள். கதவை மூடி அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும், புதுக் கார்களின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகலாம். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் செய்துவிட்டால் மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும்.