கத்திரியில் பருத்தி எடுக்கப் போகிறவர்களுக்கு

மே 4-இல் அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. 28 வரை இருக்கும். பாபநாசம் வட்டாரத்தில் பருத்தி வெடிப்பதும், போர் தண்ணீர் உள்ளவர்கள் குறுவைக்கு நாற்றங்கால் விடுவதும் இதையொட்டித்தான். ஆகவே வெயிலில் போகாதீர்கள் என்று எழுதிப் பயனில்லை. விடிந்ததும் இறங்குங்கள், பதினொரு மணிக்குக் கரையேறுங்கள். மிச்சத்தை நாலு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

வேலூரில் 42 டிகிரி, நமக்கு 38தானே என்று அலட்சியம் வேண்டாம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆற்றுப்படுகையின் புழுக்கத்தில் அது காயாது. இடுப்பளவு பருத்திச் செடிக்குள் காற்றும் நுழையாது. சீன வைத்தியர்கள் கோடைச்சூட்டு நோயில் இந்த ஈரப்புழுக்க வகையைத் தனியாகவே பிரித்திருக்கிறார்கள்: உடம்பு கனக்கும், குமட்டும், பசிக்காது. நாம் பித்தம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருவோம். அவர்கள் வீட்டு மருந்து பாசிப்பயற்றுக் கஞ்சியும் தர்பூசணியும். நமக்கு நீராகாரம், உப்புப் போட்ட நீர்மோர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. சிங்கப்பூர் உறவினர் வாங்கித் தரும் சாமந்திப்பூத் தேநீரும் இதே கணக்குத்தான். டின்னில் வருவதில் பூவைவிடச் சர்க்கரை தூக்கல்.

கெண்டைக்கால் இழுத்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு வேலை போதும். நிழலில் படுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீர் மாத்திரை போடுகிறவர்கள் இப்போதே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலில் பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தாகமின்மை அல்ல, ஒதுங்க இடமில்லாததுதான். வயலுக்கு உரியவர்கள் போர் செட் ஓரமாக நாலு கீற்றைக் கட்டி மறைப்பு வையுங்கள். எந்தக் கஷாயமும் இதற்கு ஈடாகாது.

பேச்சு குழறினாலோ, ஆள் தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். வியர்க்கிறதே என்று ஏமாறாதீர்கள். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அப்போதும் வியர்க்கும். உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, போர் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தவறியவர் வாயில் மோரோ சோடாவோ ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

ஆஸ்பத்திரியில், வெயிலில் வேலை செய்து விழுந்தவர் என்பதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.