இடைவெளியின் பின் மீண்டும் சலங்கை

பரதம் பயிலும் மாணவியர் பலருக்கு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்காகவோ நோயினாலோ சில மாதங்கள் பயிற்சியை நிறுத்த நேரிடுகின்றது. திருவிழா நெருங்கியதும் உடனே வர்ணம் ஆட முனைவது தவறு. கற்ற அடவுகள் விரைவில் நினைவுக்கு வரும். தசைகளும் மூட்டுகளும் இழந்த பலத்தை மெதுவாகவே மீளப்பெறும். காயத்தின் பின் வருவோர் வைத்தியரின் சம்மதத்துடனேயே தொடங்குதல் வேண்டும்.

முதலில் உடலைச் சூடேற்றி, அதிகம் தாழாத அரைமண்டியில் தட்டடவை முதற்காலத்தில் பழகுதல் நன்று. நோவில்லையாயின் இரண்டாங்காலம், பின் மூன்றாங்காலம். குதிக்கும் அடவுகளும் முழுமண்டியும் இறுதியிலேயே. முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே விரிய வேண்டும். மூட்டு வீங்கினால் உடனே நிறுத்துதல் வேண்டும்.

பெற்றோர் அவசரப்படுத்தலாகாது. இவ்வாண்டு சிறு கீர்த்தனை ஒன்றே ஆடினாலும் ஆடவல்லான் ஏற்றருள்வான். பிள்ளையின் முழங்கால் பழுதுபட்டால் ஆடலே நின்றுவிடும்.