உண்பதும் நடப்பதும்

பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த அச்சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அப்பகுதியில் காலைதோறும் நடைப்பயிற்சி செய்வோருள் உடல் எடையைக் குறைக்க விரும்புவோரும் உளர். அவர்களுக்கு உரிய அறிவுரை திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதில் உள்ளது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பவரின் உடலுக்கு மருந்து வேண்டியதில்லை என்பது வள்ளுவர் கருத்து.

உணவு தரும் ஆற்றலை இக்காலத்தில் கலோரி என்னும் அலகால் அளக்கின்றனர். 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், 1 கிராம் புரதம் 4 கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. மூச்சுவிடவும், இதயம் துடிக்கவும், ஓடியாடவும் இவ்வாற்றல் செலவாகிறது. உறங்கும்போதும் இச்செலவு நிற்பதில்லை. வரவு மிகுந்தால் எஞ்சியது கொழுப்பாகச் சேரும். செலவு மிகுந்தால் சேர்ந்த கொழுப்புக் கரையும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். மூன்று தேக்கரண்டி எண்ணெய், அதாவது 15 கிராம், 135 கலோரி தரும். நடை முடிந்ததும் எண்ணெயில் பொரித்த பலகாரங்களை உண்பவர், அரைமணி நேர உழைப்பை ஐந்தே நிமிடத்தில் இழந்துவிடுகிறார். மாறாக, அந்த எண்ணெயையும் குறைத்து, நடையையும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி மிச்சமாகும். 1 கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. எனவே 1 கிலோ குறைய ஒரு மாதம் ஆகும். இக்கணக்கு ஆளுக்கு ஆள் சிறிது மாறுபடும். எனினும், எடை குறையப் பொறுமை வேண்டும் என்பது தெளிவு.

அப்படியாயின், நடக்காமல் உணவை மட்டும் குறைத்தால் போதாதா? போதாது. அவ்வாறு செய்தால் கொழுப்போடு தசையும் குறையும். உடற்பயிற்சி தசையைக் காக்கும், இதயத்தை வலுவாக்கும்.

இக்கணக்கு வளர்ந்தவர்களுக்கு உரியது. வளரும் பிள்ளைகள் பிறர் கேலிக்கு அஞ்சிப் பட்டினி கிடத்தல் கூடாது. எலும்பும் தசையும் வளர உணவு வேண்டும். எடை பற்றிய கவலை இருப்பின் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கூறுதல் வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. கன்னடர் 'முத்தே' என்றும் தமிழர் 'களி' என்றும் வழங்கும் கேழ்வரகு உணவு சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்தது. பசித்து உண்போம், நாளும் விளையாடுவோம்.

சொற்பொருள்
அலகு – அளவிடப் பயன்படும் அளவு
உளர் – இருக்கின்றனர்
எஞ்சியது – மீந்தது
மிச்சம் – மீதி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ________.
2. 1 கிராம் கொழுப்பு ________ கலோரி தரும்.

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
வரவு × ________
மிகும் × ________

இ. விடை எழுதுக.
1. உணவை மட்டும் குறைத்தால் நேரும் தீங்கு யாது?
2. வளரும் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடத்தல் கூடாது?

ஈ. செயல்பாடு
ஒரு நாளில் நீ விளையாடிய நேரத்தைக் குறித்து, ஐந்து தொடர்களில் எழுதுக.